எதனோடு ஒன்றுவது?

(திங்கட்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



‘கிறித்தவத் திருச்சபை தான் வாழும் மண்ணின் பண்பாட்டோடு ஒன்ற வேண்டுமா?’ என்பது இன்று எனக்குத் தரப்பெற்றுள்ள தலைப்பு. நான் கிறித்தவன் அல்லேன். ஞாயிறுதோறும் கோவிலுக்குச் செல்லாத ஒருவன் கோவிலுக்குள் நடப்பதைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பது முறையே. ஆனால் அக்கோவிலுக்குள் மண்டியிட்டிருப்பவன் தமிழன். அங்கு ஒலிக்கும் மொழி என் தாய்மொழி. என் தாயை எவர் வீட்டில் எவ்வாறு நடத்துகின்றனர் என்று கேட்க எனக்கு உரிமையுண்டு. அவ்வுரிமையின் அளவிலேயே பேசுகின்றேன். அவர்தம் மறைக்கொள்கையின் மெய்ம்மை பொய்ம்மைகளுக்குள் நான் புகவில்லை.

தலைப்பிலேயே ஒரு மயக்கம் இருக்கின்றது. ‘மண்ணின் பண்பாடு’ என்பது ஒற்றைப் பொருளன்று. ஒரு மண்ணில் அம்மக்களின் மொழியும் இருக்கும். இசையும் உணவும் உடையும் விழாவும் இருக்கும். அவர்தம் தலைமேல் ஏறி அமர்ந்த மேலாண்மையும் இருக்கும். அவர்களை மேல் கீழ் என்று பகுத்த கொடுமையும் இருக்கும். ‘ஒன்ற வேண்டும்’ என்று பொதுப்படச் சொன்னால் இவற்றுள் எதனோடு ஒன்றுவது? இவ்வினாவைக் கேளாமல் விடை சொன்னவர்கள் நானூறு ஆண்டுகளாக இடறியிருக்கின்றனர். எனவே அவர்கள் எங்கெங்கு இடறினர், எங்கு நேராக நடந்தனர் என்று காண்போம்.

தனக்கென மொழியில்லாத நெறி

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ‘எங்கள் வழிபாட்டு மொழி இது, எங்கள் நாகரிகம் இது’ என்று கிறித்தவம் சொல்லிக்கொள்ள அதன் வரலாற்றிலேயே இடமில்லை. இயேசு பேசியது அரமேய மொழி. அவர் வரலாறு எழுதப்பட்டது கிரேக்க மொழியில். இலத்தீன் அதற்குப் பின்னர் வந்தது. அதுவும் உரோமைப் பேரரசின் பொதுமக்களுக்குக் கிரேக்கம் விளங்காமையால் வந்தது. மக்களுக்கு விளங்கவேண்டும் என்று கொள்ளப்பட்ட இலத்தீனே, பின்னாளில் மக்களுக்கு விளங்காத மொழியாய் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பீடத்தில் வீற்றிருந்தது. அஃது அம்மொழியின் குற்றமன்று. மொழியைப் பூட்டி வைத்துக்கொண்டவர் குற்றம்.

தொடக்கத் திருச்சபையில் எழுந்த முதற் பெரும்பூசலும் இதுபற்றியதே. யூதரல்லாத ஒருவர் கிறித்தவராக வேண்டுமானால் அவர் முதலில் யூதராகி விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா என்ற வினா எழுந்தது. எருசலேமிற் கூடிய மூத்தோர் ‘வேண்டா’ என்று முடிவு செய்தனர். ஒரு நெறியை ஏற்பதற்காக ஓர் இனத்தான் தன் இனவடையாளத்தை இழக்கவேண்டியதில்லை என்று அன்றே தீர்ப்பாகிவிட்டது. அத்தீர்ப்பைப் படித்த வெள்ளையர், நம் கடற்கரைக்கு வந்தபோது மறந்துவிட்டனர்.

பறங்கிக் குலமும் பூணூற் குலமும்

1535ஆம் ஆண்டை அடுத்து முத்துக்குளித்துறைப் பரதவர் பெருந்திரளாகக் கிறித்தவராயினர். போர்த்துக்கீசியர் அவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்தனர். அதனுடன் தம் பெயர்களையும் கொடுத்தனர். முத்தெடுத்த குடியில் பிறந்தவன் ‘பெர்னாண்டோ’ ஆனான். கிறித்தவனாவதென்பதும் பறங்கிக் குலத்திற் சேர்வதென்பதும் ஒன்றாகவே கருதப்பட்டன. நம் மக்கள் அந்நெறியைக் கண்டு அஞ்சியது அதன் கொள்கைக்காக அன்று. தம் அடையாளம் போய்விடுமே என்றுதான்.

ஆயினும் அதே கடற்கரையில் ஒரு நல்லவர் உழைத்தார். போர்த்துக்கல் நாட்டு என்றிக்கு அடிகள் தமிழை முறையாகக் கற்று, 1578ஆம் ஆண்டு அகுதோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் பதினாறு பக்கப் பொத்தகத்தைத் தமிழெழுத்தில் அச்சிட்டு வெளிக்கொணர்ந்தார். இந்திய மொழியொன்றின் சொந்த எழுத்தில் அச்சேறிய முதற்பொத்தகம் அது. அப்பெயரைப் பாருங்கள்! ‘தம்பிரான்’, ‘வணக்கம்’ இரண்டும் நம் சொற்கள். தமிழ்நெறியில் நடக்க முடியும் என்பதற்கு முதற்சான்று முதற்பொத்தகத்தின் முகப்பிலேயே இருக்கின்றது.

அதன்பின் 1606ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்தார் இத்தாலியரான இராபர்ட்டு தெ நொபிலி. அவர் கூரிய அறிவினர். பறங்கிக் குலம் என்ற பழியே தடை என்று கண்டுகொண்டார். காலணியையும் கருப்பங்கியையும் களைந்தார், காவியுடுத்தார், ஊன் துறந்தார், தமிழில் உரைநடை நூல்கள் யாத்தார். இவையனைத்தும் பாராட்டத்தக்கன. ஆனால் அவர் தேர்ந்துகொண்ட ‘மண்ணின் பண்பாடு’ எது? பூணூலும் குடுமியும்! மதுரையில் உழவனும் கைக்கோளனும் குயவனும் வாழ்ந்திருக்க, அவர் தம்மைப் பார்ப்பனத் துறவியாகக் காட்டிக்கொண்டார். அவர் தமிழ்நடையும் வடசொற்களால் நிறைந்திருந்தது. பூணூல், குடுமி, சாந்தம் ஆகியவற்றைப் பார்ப்பனக் கிறித்தவர் வைத்துக்கொள்ள 1623ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் உரோமையிலிருந்து போப்பாண்டவரின் இசைவும் வந்தது.

அதன் விளைவென்ன? மேற்குலத்தாரிடம் செல்பவர் கீழ்க்குலத்தார் எனப்பட்டோரிடம் செல்லவியலவில்லை. எனவே 1640ஐ ஒட்டிப் ‘பண்டாரசாமிகள்’ என்னும் வேறொரு வகைக் குருமார் ஏற்பட்டனர். ஒரே கிறித்து, ஒரே மறை, இரண்டு வகைக் குருமார்! பறங்கிக் குலத்தினின்று நம் மக்களை மீட்க வந்தவர், பூணூற் குலத்தின் முன்றிலிற் கொண்டுபோய் நிறுத்தினார். அயலானின் அடிமைத்தளை ஒன்று கழன்றது. அதைவிடப் பழைய தளை பூண்டது.

நொபிலியை நான் இழித்துரைக்கவில்லை. அவர் காலத்தில் அவர் கண்ட வழி அது. ஆனால் ஒன்றுதல் என்ற பெயரால் பிறர் தவறோடும் ஒன்றிப்போகலாம் என்பதற்கு அவரே பெரிய எடுத்துக்காட்டு.

வளனும் கருணையனும்

அடுத்த நூற்றாண்டில் இன்னோர் இத்தாலியர் வந்தார். பெயர் பெசுக்கி, நாம் அறிந்த பெயர் வீரமாமுனிவர். 3,615 பாக்களால் ‘தேம்பாவணி’ யாத்தார். அதில் சூசையப்பருக்கு அவர் இட்ட பெயர் வளன். திருமுழுக்கு யோவானுக்கு இட்ட பெயர் கருணையன். எபிரேயப் பெயர்களை எழுத்துக்கு எழுத்துப் பெயர்த்து நம் நாவைக் குத்தாமல், அவற்றின் பொருளறிந்து நம் காதுக்கு இனிய பெயர்களாக்கினார். யூதேயா நாட்டு மலைகளையும் ஆறுகளையும் நம் திணைமரபிற் பாடினார். 1732இல் ‘சதுரகராதி’ தந்தார். எகர ஒகரக் குறில்நெடில் வேறுபாட்டை எழுத்திற் காட்டும் சீர்திருத்தம் செய்தார்; இன்று நம் வீட்டுக் குழந்தை ‘எடு’ என்பதையும் ‘ஏடு’ என்பதையும் மயங்காமல் எழுதுவது அவரால். கோணான்குப்பத்தில் அவர் எழுப்பிய கோவிலில் மரியன்னைக்குப் பெரியநாயகி என்று பெயர். அவ்வன்னை தமிழ்ப்பெண்ணாகப் புடைவையுடுத்து நிற்கின்றாள்.

இதுதான் ஒன்றுதல். வந்தவர் இங்குள்ள மொழிக்குத் தம்மை மாணவராக்கிக் கொண்டார். அம்மொழிக்குக் கொடுத்துவிட்டும் சென்றார். பெற்றதும் கொடுத்ததும் உண்டானால் அஃது உறவு. பெற்றது மட்டும் என்றால் அது வணிகம்.

கடவுள் என்ற சொல்லின் நெடும்பயணம்

இனி ஒரு சொல்லின் வரலாற்றைச் சொல்கின்றேன். இறைவனைக் குறிக்கக் கிறித்தவர் என்ன சொல் ஆண்டனர்? கத்தோலிக்கர் நெடுங்காலம் ‘சருவேசுரன்’ என்றனர். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்த சீகன்பால்கும் அச்சொல்லையே ஆண்டார். பெப்ரீசியசு ‘பராபரன்’ என்றார். 1871இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு ‘தேவன்’ என்றது. ‘கடவுள்’ என்னும் தூய தமிழ்ச்சொல் விவிலியத்தில் இடம்பெற இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சருவேசுரன், பராபரன், தேவன் மூன்றும் வடமொழி வாயிலாக வந்தவை. அவற்றை இடும்படி வெள்ளைக்காரனின் காதில் ஓதியவர் எவர்? அவனுக்குத் தமிழ் கற்பித்த நம் பண்டிதர்களே! ‘உயர்ந்த பொருளை உயர்ந்த சொல்லாற் கூறவேண்டும்; உயர்ந்த சொல் வடசொல்’ என்று நம்பியவர் நாமே. 1916இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கும் வரை இம்மயக்கம் நம் புலவரிடையே மண்டிக் கிடந்தது. எனவே திருச்சபையைக் குறைகூறும்போது ஒரு விரல் நம்மை நோக்கித் திரும்பியிருப்பதை மறவாதீர்கள்.

வேதநாயகரின் நான்கு முறையீடுகள்

இவ்விடத்தில் தஞ்சை வேதநாயக சாத்திரியாரை நினைக்க வேண்டும். 1774இல் பிறந்து 1864இல் மறைந்தவர். சுவார்ச்சு ஐயரின் மாணவர். ‘பெத்தலகேம் குறவஞ்சி’ பாடிய பாவலர். 1820களில் தஞ்சைக்குப் புதிய மறைப்பணியாளர் சிலர் வந்தனர். அவர்கள் பழைய விவிலிய மொழிபெயர்ப்பைத் திருத்தினர். கோவிலில் தமிழிசைப் பாட்டு வேண்டா என்றனர். விழாவிலும் திருமணத்திலும் இறப்பிலும் மலர் வேண்டா என்றனர். எல்லாக் குலத்தாரும் ஒன்றாகத் திருவிருந்தில் அமரவேண்டும் என்றனர். இந்நான்கையும் எதிர்த்துச் சாத்திரியார் முறையிட்டார்.

தோழர்களே, ஈண்டுதான் நம் தலைப்பின் முடிச்சு இருக்கின்றது. மலரைத் தடுத்ததும் இசையைத் தடுத்ததும் அயலாரின் ஆணவம். பூவை விலக்கினால் இறைவனுக்கு நெருங்கிவிடலாம் என்று எந்த நற்செய்தியிலும் இல்லை. அவற்றை எதிர்த்த சாத்திரியார் பக்கம் நாம் நிற்போம். நெஞ்சிற் பதிந்த மறைச்சொற்களைத் தம்மைக் கேளாமல் மாற்றலாகாது என்று அவர் சொன்னதிலும் ஒரு நயன் உண்டு. ஆனால் நான்காவது? குலங்கள் ஒன்றாக அமரக்கூடாது என்றாரே, அதில்? அதில் அவர் தவறு, வெள்ளையர் சரி. 1833இல் ஆயர் தானியேல் வில்சன் தம் ஆட்சிக்குட்பட்ட கோவில்களில் சாதி வேற்றுமையை அடியோடு விலக்கவேண்டும் என்று சுற்றோலை விடுத்தார். அவ்வோலையை எழுதியவர் வெள்ளையர் என்பதற்காக அதை நாம் தள்ளலாமா? நம்மவர் சொன்னார் என்பதற்காகத் தவறு சரியாகாது; அயலார் சொன்னார் என்பதற்காகச் சரி தவறாகாது.

சாத்திரியாரின் பிழை என்ன? பூவையும் பண்ணையும் சாதியையும் ஒரே கூடையில் இட்டு ‘எங்கள் வழக்கம்’ என்று பெயரெழுதி வைத்ததே. பூ நம் மண்ணில் முளைத்தது. பண் நம் மிடற்றில் முளைத்தது. சாதி நம் மனத்தின் நோயில் முளைத்தது. மூன்றையும் பிரித்தறியத் தெரியாதவர் கையில் ‘பண்பாடு’ என்னும் சொல் பேரிடரானது.

‘இந்திய மயம்’ என்னும் மற்றொரு பொறி

இருபதாம் நூற்றாண்டில் ஒன்றும் முயற்சி மீண்டும் எழுந்தது. 1921இல் திருப்பத்தூரில் தொடங்கிய கிறித்துகுல ஆசிரமத்தார் திராவிடக் கட்டடக் கலையிற் கோவில் எழுப்பினர். கூம்பிய ஐரோப்பியக் கோபுரத்தை விட்டு நம் சிற்பியின் உளிக்கு வேலை கொடுத்தமைக்கு நன்றி. 1950இல் குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக்கரையில், பிரெஞ்சுத் துறவியர் இருவர் ஓர் ஆசிரமம் அமைத்தனர். காவிரிக்கரை, பாடல்பெற்ற பதிகள் சூழ்ந்த இடம். அவ்வாசிரமத்திற்கு இட்ட பெயர் என்ன? ‘சச்சிதானந்தம்’! அவருள் ஒருவர் தமக்கு இட்டுக்கொண்ட பெயர் ‘அபிசிக்தானந்தர்’! அவர்தம் எளிய வாழ்வையும் தவத்தையும் நான் மதிக்கின்றேன். ஆனால் காவிரித் தண்ணீர் குடித்தவர்களுக்கு அக்கரையில் வாழ்ந்த மக்களின் சொல் கிடைக்கவில்லையே!

1969இல் இந்தியத் திருச்சபையின் வழிபாட்டில் பன்னிரண்டு மாற்றங்களுக்கு உரோமை இசைவளித்தது. தரையில் அமர்தல், கைகூப்புதல், குத்துவிளக்கு, மலர், தீபம் காட்டல் முதலியன. இவற்றுட் பல நல்லன. மண்டியிடுவதைவிடக் கைகூப்புவது நமக்கு இயல்பு. ஆனால் இதைத் தொடர்ந்து, ‘இந்தியப் பண்பாடு’ என்றாலே வேதமும் வடமொழி மந்திரமும்தான் என்று ஒரு போக்குக் கிளம்பியது. தாழ்த்தப்பட்ட கிறித்தவர் அதை எதிர்த்தனர். ‘எங்களை எந்தப் பண்பாடு ஊருக்கு வெளியே வைத்ததோ, அதைத் தப்பி ஓடிவந்தோம், அதையே இங்கும் பீடத்தில் ஏற்றுகின்றீர்களா?’ என்பது அவர் எதிர்ப்பின் பொருள். இவ்வினாவிற்கு நேர்மையான விடை சொல்லாமல் எவரும் ‘ஒன்றுதல்’ பற்றிப் பேசலாகாது.

இலத்தீனை இறக்கிவிட்டு வடமொழியை ஏற்றுவது விடுதலையன்று; அது எசமானை மாற்றுவது. தமிழ்க் கிறித்தவன் ஒன்றவேண்டியது தமிழோடு. தமிழ் மக்களின் உழைப்போடும் பாட்டோடும்.

அறிஞர் குழுக்கள் கூடி முடிவெடுக்கு முன்னரே எளிய மக்கள் இதைச் செய்துவிட்டனர். கோவில் விழாவிற்குக் கொடியேற்றினர், தேரிழுத்தனர், புனிதர் கோவிலின் முன் பொங்கலிட்டனர், முடியிறக்கினர், தாலியிற் சிலுவை பொறித்துக் கட்டினர். எவரிடமும் இசைவு கேட்கவில்லை. எந்த ஆணையும் தேவைப்படவில்லை. மக்கள் வாழ்க்கை தன் வழியைத் தானே அறியும்.

பாட்டு

பாட்டைப் பற்றியும் ஒரு தமிழாசிரியன் சொல்லியாக வேண்டும். செருமானிய, ஆங்கில மெட்டுகளுக்குத் தமிழ்ச்சொற்களை அடைத்த ‘ஞானப்பாட்டு’கள் பலவற்றில், குறில் வரவேண்டிய இடத்தில் மெட்டு நெடிலாக நீள்கின்றது, நெடில் குறுகிப்போகின்றது. நம் மொழியில் குறிலும் நெடிலும் பொருளை மாற்றுவன. ‘பல்’லை நீட்டினால் ‘பால்’ ஆகிவிடும். அயல்மெட்டு இதை அறியாது. எதிராக, நம் பண்ணில் அமைந்த கிறித்தவ இசைப்பாடல்களைக் கேட்கும்போது சொல்லும் இசையும் தாயும் சேயுமாய்ச் செல்கின்றன. தமிழிசையின் தொன்மையை 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலால் நாட்டிய தஞ்சை ஆபிரகாம் பண்டிதரும் கிறித்தவரே என்பதை இங்கு நினைவூட்டுகின்றேன்.

கோவிலை நோக்கி ஒரு வினா

1963ஆம் ஆண்டு திசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் வழிபாட்டில் மக்கள் மொழிக்கு இடந்தந்தது. அதன்பின் சில ஆண்டுகளில் தமிழகக் கத்தோலிக்கக் கோவில்களில் தமிழ் பீடமேறியது. உரோமை நகரம் தன் மொழியைத் தானே இறக்கிக்கொண்டது! ஆனால் தில்லைச் சிற்றம்பல மேடையில் தேவாரம் பாட 2008 வரை போராட வேண்டியிருந்தது. 2020இல் தஞ்சைப் பெருங்கோவிற் குடமுழுக்கில் தமிழும் ஒலிக்கவேண்டும் என்பதற்கு உயர்முறைமன்றத்தின் படியேற வேண்டியிருந்தது. அயலகத்தில் பிறந்த நெறி தமிழுக்குக் கதவு திறந்தது. நாம் கட்டிய கோவிலில் நம் தாய் வாயிற்படியில் நிற்கின்றாள். இதைச் சொல்லாமல் கிறித்தவருக்கு மட்டும் அறிவுரை கூறினால் அது நேர்மையாகாது.

1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தக் கிறித்தவரும் இணைந்து ஆக்கிய திருவிவிலியப் பொதுமொழிபெயர்ப்பு வந்தது. ஆதியாகமம் ‘தொடக்கநூல்’ ஆயிற்று. யாத்திராகமம் ‘விடுதலைப் பயணம்’ ஆயிற்று. சுவிசேசம் ‘நற்செய்தி’ ஆயிற்று. ஞானஸ்நானம் ‘திருமுழுக்கு’ ஆயிற்று. அப்போசுதலர் ‘திருத்தூதர்’ ஆயினர். தனித்தமிழ் இயக்கத்தின் உழைப்பு வீண்போகவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆயினும் சீர்திருத்தச் சபைகளில் பெரும்பாலோர் இன்றும் பழைய மொழிபெயர்ப்பையே கையிற் கொண்டுள்ளனர். நெஞ்சிற் பதிந்த சொல்லை விட மனம் வாராது என்கின்றனர். அது புரிகின்றது. ஆனால் அவர்தம் பேரக்குழந்தைகளின் நெஞ்சு இன்னும் வெற்றேடு. அதில் எதை எழுதப்போகின்றனர்?

பெயரைப் பற்றியும் கேட்கின்றேன். யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனில் 1913இல் பிறந்த சேவியர், தனிநாயகம் அடிகளாகி உலகத் தமிழாராய்ச்சி மன்றம் கண்டார். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூட்டினார். சங்கரன்கோவிலில் 1902இல் பிறந்த ஞானமுத்து தேவநேசனார், தேவநேயப் பாவாணராகி நம் சொல்வேர்களை அகழ்ந்தார். 1974இல் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநரானார். 1981இல் மதுரை உலகத் தமிழ் மாநாட்டில் உரையாற்றிய சில நாள்களில் உயிர் நீத்தார். இவ்விருவரும் கிறித்தவர் அல்லரென்று எவன் சொல்வான்? இவர் தமிழர் அல்லரென்று எவன் சொல்வான்?

இரு மறுப்புகள்

இக்கருத்தை இருபுறத்தாரும் மறுப்பர். ‘சுற்றுப்புறத்தோடு ஒன்றினால் எம் நெறி கரைந்துபோகும்’ என்பர் கிறித்தவருட் சிலர். மொழி மாறினால் கரையும் நெறி, நெறியன்று, சாயம். கிரேக்கத்திலும் இலத்தீனிலும் செருமானியத்திலும் கரையாதது தமிழிற் கரையுமா? கோட்டும் சூட்டும் அணிந்து மணமேடை ஏறுவதும் ஒரு சுற்றுப்புறத்தோடு ஒன்றியதுதான். என்ன, அச்சுற்றுப்புறம் இலண்டனில் இருக்கின்றது!

‘குத்துவிளக்கும் கைகூப்பும் மதம் மாற்றுவதற்கான ஏமாற்று’ என்பர் மறுபுறத்தார். நொபிலியின் பூணூலைச் சொன்னால் அவ்வையம் ஓரளவு பொருந்தும். ஆனால் இங்கேயே பிறந்து, இங்கேயே உழைத்து, இங்கேயே புதைபடும் தமிழன், தன் பாட்டன் ஏற்றிய விளக்கைத் தான் ஏற்றுவதற்கு எவரிடம் உரிமம் பெறவேண்டும்? விளக்கும் பூவும் தமிழும் எந்த மதத்தின் தனியுடைமையும் அல்ல.

சுவர்

இறுதியாக ஒன்று சொல்லி முடிக்கின்றேன். இதைச் சொல்லவே இன்று வந்தேன்.

நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் என்றோர் ஊர். 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்ட தேவசகாயம், 1745இல் திருமுழுக்குப் பெற்றது அவ்வூரில்தான். குல வேற்றுமை பாராமல் எல்லாரோடும் பழகியவர் அவர். அதே ஊரில் 1872இல் கட்டப்பட்ட கோவில், இரு குலத்தார் ஒருவரை ஒருவர் காணாமல் வழிபடுவதற்காகக் காற்சட்டையின் இரு கால்களைப் போல இரு கூறாகக் கட்டப்பட்டது, இடையிற் சுவர். அச்சுவர் 1910இல்தான் இடிபட்டது. 2022இல் தேவசகாயத்திற்குப் புனிதர் பட்டம் தந்தபோது, அவர் பெயருக்குப் பின்னிருந்த குலப்பட்டத்தை உரோமை நீக்கிவிட்டது. நன்று. ஆனால் பட்டத்தை நீக்குவது எளிது. சுவரை நீக்குவது அரிது. தாழ்த்தப்பட்டோர்மீது தம் கோவில்களிலேயே வேற்றுமை நிலவுவதைக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

என்னோடு இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றிய கணக்காசிரியர் ஒருவர். கிறித்தவர். என்னைவிடத் தமிழ்ப்பற்று மிக்கவர். மாலை வேளைகளில் பள்ளி வேப்பமரத்தடியில் அமர்ந்து, ‘ஐயா, இவ்வேண்டுதலில் உள்ள இவ்வடசொல்லுக்கு ஈடாக என்ன இடலாம்?’ என்று கேட்பார். இருவரும் சொல் தேடுவோம். தேடிய சொல்லை அவர் தம் கோவிற் பாடற்குழுவிற்குக் கற்றுத்தருவார். தம் மகளின் திருமுழுக்கு அழைப்பிதழை ஒரு வடசொல்லும் கலவாமல் அச்சிட்டு என்னிடம் நீட்டியபோது அவர் முகத்தில் இருந்த ஒளியை நான் இன்றும் காண்கின்றேன்.

அவர் இறந்தார். இறுதி வழிபாட்டிற்குச் சென்றேன். ‘தூய ஆவி’ என்றார் அருட்டந்தையார், ‘நிலைவாழ்வு’ என்றார், ‘நற்செய்தி’ என்றார். எல்லாம் நாங்கள் தேடிய சொற்கள். துயரத்திலும் என் நெஞ்சு நிமிர்ந்தது. பின்னர்க் கல்லறைத் தோட்டத்திற்குச் சென்றோம். அங்கு வாயில்கள் இரண்டு. நடுவே ஒரு சுவர். பாடை இடப்பக்க வாயிலுக்குத் திரும்பியது. எவரும் ஆணையிடவில்லை, எவரும் தடுக்கவும் இல்லை. தோள்கொடுத்தவர்களின் கால்களுக்கே வழி தெரிந்திருந்தது.

தூய தமிழிற் சுவருக்கு இந்தப்பக்கம் புதைத்தார்கள்.

தோழர்களே, அன்று நான் வாய் திறக்கவில்லை. அயல் சமயத்தார் நிகழ்வில் நாம் என்ன பேசுவது என்று எனக்கு நானே கரணியம் கூறிக்கொண்டேன். அது கரணியமன்று, கோழைத்தனம். அவருடைய சொற்களைத் திருத்திக் கொடுத்த நான், அவருடைய சுவரைப் பற்றி ஒருநாளும் அவரிடம் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. அந்த வாய்திறவாமைக்குக் கழுவாயாகவே இன்று இவ்வுரை.

எனவே தலைப்பிற்கு என் விடை இதுதான். திருச்சபை இம்மண்ணோடு ஒன்றட்டும். அதன் வேண்டுதலும் அழைப்பிதழும் கல்லறை எழுத்தும் தமிழாகட்டும். குழந்தைகளுக்குத் தமிழ்ப்பெயர் இடட்டும். பண்ணிசை முழங்கட்டும், பூவும் விளக்கும் இருக்கட்டும். வடமொழியை ‘இந்தியப் பண்பாடு’ என்று எவர் நீட்டினாலும் கைகூப்பி மறுக்கட்டும். ஆனால் சாதி என்ற ஒன்றில் மட்டும் இம்மண்ணோடு ஒன்றவே வேண்டா. அதில் அது அயலாகவே இருக்கட்டும்! ஒதுக்கப்பட்ட சமாரியப் பெண்ணிடம் கிணற்றடியில் தண்ணீர் கேட்டவரின் பெயரால் நடக்கும் நெறி, அந்த ஒரு கொள்கையையாவது இங்குள்ளவரிடம் இழக்காமல் காக்கட்டும்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. நம் ஊர்களில் சுடுகாடுகள் எத்தனை என்று எண்ணிப்பாருங்கள். இரண்டாகவோ மூன்றாகவோ இருந்தால், கிறித்தவர் கல்லறையைப் பற்றிப் பேசுமுன் நம் ஊர்ச் சுடுகாட்டைப் பற்றிப் பேசுவோம். சொல்லில் கலப்பு வேண்டா என்ற நாம், மாந்தரிடையே பிரிவு வேண்டா என்றும் அதே குரலிற் சொல்வோம். மொழித்தூய்மை ஒரு கை. குலமறுப்பு மறு கை. ஒரு கையால் எவரும் சுவரிடித்ததில்லை.



வெல்க தமிழ்!